ஊர் திரும்பும் குழந்தை மனநல மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை மனநல மருத்துவத்தை வெளிநாட்டில் பயின்றுவிட்டு ஊர் திரும்பலாமா என்று யோசிக்கும் இளம் மருத்துவர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: எந்தச் சான்றிதழ் இங்கே செல்லும், எந்தச் சோதனைக் கருவிகளை விலைகொடுத்து வாங்கி வர வேண்டும், சென்னையை விட்டால் வேறு ஊரில் பிழைக்க முடியுமா. பிரிட்டனில் பயிற்சி முடித்துத் தாமிரபரணிக் கரையிலுள்ள என் ஊருக்குத் திரும்பிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பணியாற்றிய சேவை அமைப்பை அப்படியே பெயர்த்துவந்து இங்கே நட முயன்றவர்கள், நான் அறிந்தவரை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சலித்துப்போய் மறுபடியும் விமானம் ஏறிவிட்டார்கள். குழந்தையைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட கண்ணையும் காதையும் கொண்டுவந்து, மற்றவற்றை இங்கே கிடைப்பதை வைத்துச் செய்துகொண்டவர்கள் நிலைத்திருக்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

எத்தனை ஆண்டுக் கணக்கு

ஊர் திரும்பிய முன்னோடி ஒருவரின் பணிவாழ்வை ஆண்டுக்கணக்குப் போட்டுப் பாருங்கள். சீனாவில் குழந்தை மனநல மருத்துவத்துக்கு வித்திட்ட தாவ் குவோதாய் 1940களின் இறுதியில் கலிபோர்னியாவில் அத்துறையைப் பயின்று, 1949இல் நாடு திரும்பி, நான்ஜிங் நகரில் பணியாற்றினார். குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விவரித்த கட்டுரை 1943இலேயே வெளிவந்திருந்தது. ஆயினும், சீனாவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கையை, அதுவும் நான்கே குழந்தைகளைப் பற்றியதை, தாவ் வெளியிட்டது 1982இல்தான். இடையில் 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவற்றுள் பத்தாண்டுகள் கலாச்சாரப் புரட்சியில் போயின; உளவியல் என்பதே முதலாளித்துவப் போலி அறிவியல் என்று தூற்றப்பட்ட காலம் அது. நான்ஜிங்கில் குழந்தை மனநல ஆய்வு மையம் 1984இல் உருவானபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

நமக்கு அப்படிப்பட்ட புயல் எதுவும் இல்லை. ஆனாலும், "இரண்டு வருஷம் இருந்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம்" என்ற கணக்கோடு வருகிறவருக்கு நான் சொல்லும் முதல் சொல், வர வேண்டாம் என்பதே. பத்தாண்டுக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள். முதல் ஆண்டை வந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். உங்களுக்குக் குழந்தையை அனுப்பிவைக்கும் குழந்தைநல மருத்துவர்கள் எத்தனை பேர், உங்களிடம் தயங்காமல் பேசும் தலைமையாசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த 33 ஆண்டுகளிலும் நான்ஜிங்கில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள், வேறு வேறு பெயர்களில். நம் ஊர்களிலும் அப்படியே. வாய் பேசாதது, சாமிக் குழந்தை, மந்தம், அடங்காப்பிடாரி என்று எத்தனையோ பெயர்களுக்குள் அவர்கள் இருக்கிறார்கள். ஆகவே திரும்பிவந்த முதல் மூன்று மாதங்களுக்கு மருத்துவகம் எதையும் திறக்காமல், மாவட்டத்திலுள்ள சிறப்புப் பள்ளிகள், காதுகேளாதோர் பள்ளிகள், அரசு மருத்துவமனையோடு இணைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஆகியவற்றுக்கு வாரத்துக்கு ஒருமுறை சென்று அமர்ந்திருங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் வழியாக வரும் பிள்ளைகளை அந்த மையங்களில் பார்க்கலாம். காதுகேளாதோர் பள்ளி ஒன்றில், கேட்புத்திறன் முழுமையாக உள்ள ஆட்டிசச் சிறுவன் ஒருவனை நான் கண்டது அப்படித்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பக்கத்து அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்ததும் ஓடிவந்தான்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிட்டனில் மூன்றாண்டு அடிப்படை மனநலப் பயிற்சியும், அதன்பின் மூன்றாண்டு சிறப்புப் பயிற்சியும் உண்டு. முதல் பகுதியோடு, அங்குள்ள மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் உறுப்பினர் தேர்வை முடித்துவிட்டு, ஊர் ஆசையில் பாதியில் திரும்புகிறவர்கள் பலர். என் கருத்தில் அது தவறு. குழந்தைகளோடு தனியாகப் பணியாற்றும் துணிவு பின் மூன்றாண்டுகளில்தான் வருகிறது. மேலும், தேர்வுச் சான்றிதழும் பயிற்சி நிறைவுச் சான்றிதழும் ஒன்றல்ல. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் மேற்படிப்புத் தகுதிகளை, அந்தந்த நாட்டில் அத்துறையில் பணியாற்ற அவை செல்லுபடியாகுமானால், இந்தியா ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தகுதியை மாநில மருத்துவ மன்றத்தில் கூடுதல் தகுதியாகப் பதிவுசெய்த பிறகே பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கேயே இருந்து படிக்க விரும்புவோருக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில நிறுவனங்களில் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநலத்துக்கெனத் தனி மேற்படிப்பு இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் முதலெழுத்துச் சிக்கல். இங்கே பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்து, பிரிட்டன் சான்றிதழ்களில் அதுவே என் குடும்பப் பெயராகிவிட்டது. இரண்டும் ஒரே ஆள் என்று நம்பவைக்க ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். புறப்படும் முன்பே நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாரித்து, பணியாற்றிய ஒவ்வொரு பயிற்சியிடத்திலிருந்தும் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் அந்த நடை மிச்சம்.

எங்கே உட்காருவது, யாரை முதலில் அமர்த்துவது

என் முதல் பெயர்ப்பலகையில் "குழந்தைகள் மனநல மருத்துவமனை" என்று இரண்டடி உயரத்தில் எழுதிவைத்திருந்தேன். பகலில் ஒருவரும் வரவில்லை. மாலையில் விளக்கு வைத்த பிறகு, ஆட்டோவை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, குழந்தையின் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். நாளைக்கு அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தம்பி "அந்த ஆஸ்பத்திரிக்கு"ப் போனது தெரியக்கூடாதல்லவா! பலகையைக் கழற்றிவிட்டு, குழந்தைநல மருத்துவர் ஒருவரின் கட்டடத்தில், தடுப்பூசி போடும் அறைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தேன். அங்கே எல்லாக் குழந்தைகளும் அழுகின்றன. எவர் எதற்காக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. தொழிலை மறைப்பதாக இதை எண்ண வேண்டாம். அறைக்குள் வந்தபின் நான் யார், என்ன மருத்துவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சொந்தமாக மருத்துவகம் வைப்பதானால் மாநிலத்தின் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுசெய்ய வேண்டும். குழந்தைகளை உள்நோயாளிகளாகத் தங்கவைப்பதானால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தனிப்பதிவும் தேவைப்படும். முதல் ஐந்தாண்டுகளில் தங்கவைக்கும் எண்ணமே வேண்டாம் என்பது என் துணிபு. தங்கியே தீர வேண்டிய குழந்தைகளை வேலூருக்கு அனுப்பலாம். அங்கே பாகாயத்திலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், அது தொடங்கிய 1957 முதலே, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் வழக்கம் இருக்கிறது. குழந்தை தங்கும் காலத்திலேயே தாய்க்கும் பயிற்சி கிடைத்துவிடும்.

முதலில் அமர்த்த வேண்டிய ஆள் யார் என்று கேட்டால், பலரும் உளவியலாளர் அல்லது பேச்சுப் பயிற்சியாளர் என்பார்கள். நான் சமூகப் பணியாளர் என்பேன். இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் 1937இல் பம்பாயில் தோன்றியது ஒரு சமூகப்பணிப் பள்ளியில்தான் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்குச் சென்று திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் சமூகப் பணியாளர், நான்கு அமர்வுகளில் நான் அறிய முடியாததை அறிந்துவருகிறார். வீட்டில் குழந்தையோடு பேசும் ஆள் யாருமில்லை, நாள் முழுதும் கைபேசிதான் பேசுகிறது என்பதையோ, தகப்பனார் ஆறு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்பதையோ எந்த வினாப்படிவத்திலும் ஒரு தாய் எழுதித் தர மாட்டார்.

பயிற்சியாளர்களைச் சேர்க்கும்போது, மருத்துவ உளவியலாளர், பேச்சு மற்றும் கேட்பியல் நிபுணர், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்றிருக்கிறார்களா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். "தெரபி சென்டர்" என்ற பலகை இன்று தெருவுக்கு ஒன்று தொங்குகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கென இயங்கும் தேசிய நிறுவனத்தில் பயின்றுவரும் சிறப்பாசிரியர்கள் சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைத்தால் மகிழ்ந்து வருவார்கள்; அவர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள்.

நிலா எங்கே இருக்கிறது

வெளிநாட்டில் ஆட்டிசத்தைக் கண்டறிய நீங்கள் பயின்ற கண்காணிப்புக் கருவியின் பெட்டி விலை மிகுந்தது. அதற்குள் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு ஒன்று உண்டு. கேக், மெழுகுவத்தி, ஊதி அணைத்தல் என்று நடக்கும். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து, கடையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மூன்று வயதுப் பெண்குழந்தையின் முன் விரித்தேன். அவள் கேக்கையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மெழுகுவத்தியை எடுத்துத் தரையில் நட்டுவைத்து, இரு கைகளையும் குவித்துக் கும்பிட்டாள். மதிப்பெண் தாளில் அதற்கு இடமில்லை. அவளுடைய கற்பனை விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுவது மாதா படத்துக்கு முன்னால்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நீதிமன்றம் அல்லது ஆய்வு தொடர்பான தேவைக்கென்று ஒதுக்கிவிட்டு, அன்றாடக் கவனிப்புக்கு நம் வீட்டு விளையாட்டுகளையே வைத்துக்கொண்டிருக்கிறேன். தரப்படுத்திய கருவியின் உறுப்புகளை விருப்பம்போல் மாற்றிவிட்டு அதன் மதிப்பெண்ணையும் போடக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள். நான் சொல்வது உங்கள் சொந்தக் கவனிப்புக்கு. உள்ளங்கையில் தொடங்கி நண்டு ஊர்ந்து ஊர்ந்து அக்குளுக்கு வரும் விளையாட்டை மூன்றாம் முறை விளையாடும்போது, நண்டு முழங்கையைத் தாண்டுவதற்கு முன்பே குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். வரப்போவதை எதிர்பார்ப்பதும், அந்த மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்வதும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். கைவீசுவது, சாய்ந்தாடுவது போன்றவற்றில் பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யும் திறன் தெரியும். சொப்புச் சாமானைக் கொடுத்துச் சோறு ஆக்கச் சொன்னால் பாவனை விளையாட்டு தெரியும்.

எல்லாவற்றிலும் சிறந்தது நிலா. இரவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டாத வீடு நம்மில் குறைவு. "நிலா எங்கே என்று கேட்டால் பிள்ளை விரலை நீட்டிக் காட்டுமா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்குமா?" என்று தாயிடம் கேளுங்கள். பதினெட்டு மாதத்துக் குழந்தை தான் வேண்டும் பொருளைக் காட்டுவது ஒன்று. தனக்கு ஒன்றும் வேண்டாத நிலாவை, நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே காட்டுவது வேறொன்று. இரண்டாவது இல்லையென்றால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

பாட்டிமார் உடன் வரும்போது அவர்களை வெளியே அனுப்பிவிடாதீர்கள். "இவன் அப்பனும் நாலு வயசு மட்டும் வாயத் தொறக்கல்ல டாக்டரம்மா, பொறவு பேச்ச நிறுத்த முடியல்ல, பாத்துக்கிடுங்க" என்று ஒரு பாட்டி சொல்லும்போது மூன்று செய்திகள் ஒன்றாக வருகின்றன: குடும்ப வரலாறு, இதுவரை ஏன் அழைத்துவரவில்லை என்பதற்கான காரணம், இந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் யார் என்பது. பாட்டியை மறுத்துப் பேசி மருமகளை அறிவாளியாக்கினால், அந்தக் குழந்தையை நீங்கள் மறுபடியும் பார்க்க முடியாது. "அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாக இருக்கலாம் பாட்டி, ஆனால் அப்பா அந்த வயதில் விரலைக் காட்டி, கையைப் பிடித்து இழுத்து, கண்ணால் பேசியிருப்பாரே, இவன் அதைச் செய்கிறானா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பெரும்பாலான பாட்டிகள் தாமே பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

அரசு மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்திய அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். அதில் 40 கூற்றுகள். 70க்குக் கீழ் மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசு, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. சான்றிதழை அரசு மருத்துவ அதிகாரியே தர முடியும். நீங்கள் எழுதித் தரும் சுருக்கக் குறிப்பு தெளிவாக இருந்தால் அங்கே பெற்றோருடைய அலைச்சல் குறையும். ஆகவே அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள்ளும், பெற்றோருக்கான கடிதத்தைத் தமிழில் தனியாகவும் எழுதிக் கொடுங்கள். தமிழ்க் கடிதத்தை எழுதத் தொடங்கும்போது முதல் ஆறு மாதம் பேனா ஓடாது. "சமூகத் தொடர்பில் தரமான குறைபாடு" என்று பாடப்புத்தகத்தை மொழிபெயர்த்து எழுதியிருந்தேன், எங்கள் சமூகப் பணியாளர் அதைப் படித்துவிட்டு, "குறைபாடு எப்படி டாக்டரம்மா தரமானதாக இருக்கும்?" என்று கேட்டார்.

இன்னொன்று: குழந்தைக்குப் பேச்சு தாமதம் என்றவுடன் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசும்படி சில பயிற்சி மையங்களும் பள்ளிகளும் அறிவுறுத்துகின்றன. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு மேலும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வு ஆதாரமில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவர் தம் குழந்தையோடு நாளெல்லாம் பேச வேண்டும் என்று கட்டளையிடுவது, அந்தக் குழந்தை கேட்கும் பேச்சைக் குறைப்பதில்தான் முடியும்.

எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை

ஊர் திரும்பிய இன்னொரு முன்னோடியின் கதை இங்கே உதவும். ஜப்பானின் கியோஷி மகிதா அமெரிக்காவில் கன்னரிடம் பயின்று திரும்பி, தம் நாட்டில் குழந்தை மனநல மருத்துவத்தை வளர்த்தவர்களுள் ஒருவர். ஆசிரியர்களுக்கு வினாப்படிவம் அனுப்பி ஆராய்ந்து, ஜப்பானியக் குழந்தைகளிடம் வாசிப்புக் குறைபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றும், அதற்குக் காரணம் ஜப்பானிய எழுத்துமுறை என்றும் 1968இல் எழுதினார். தாய்மொழியின் பெருமையோடு ஒத்துப்போகும் முடிவு என்பதால் அது பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. பின்னர், 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஹரால்ட் ஸ்டீவன்சனின் குழுவினர் ஜப்பான், தைவான், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளையும் நேரடியாகவே வாசிக்கவைத்துச் சோதித்தபோது, திணறும் குழந்தைகள் மூன்று நாடுகளிலும் இருந்தார்கள். ஆசிரியரைக் கேட்பதும் குழந்தையைக் கேட்பதும் வேறு வேறு விடைகளைத் தரும் என்பதை அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன். மகிதாவைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. கேள்வியைத் தம் மொழிக்குள் நின்று கேட்ட துணிவு அவருடையது, விடைதான் தவறிற்று.

"தமிழை எழுதுகிறபடியே வாசிப்பதால் நம் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா வராது" என்று நம் ஊரிலும் ஆசிரியர்கள் சொல்வார்கள். வரும், வேறு முகத்தோடு வரும். ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக வாசிக்கும் பிள்ளை, தமிழில் பிழை குறைவாகவும் வேகம் மிகக் குறைவாகவும் வாசிக்கலாம். எனவே பிழைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், மணிக்காட்டியை வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தாலும் இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிழைகளை வகைபிரிக்கவும் உள்ளூர்க் காது வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளை "வாளைப்பளம்" என்று எழுதினால் அது குறைபாடன்று. அவன் வீட்டில் பழம் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில், "கொக்கு" என்ற சொல்லில் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாகப் பார்த்துத் தடுமாறுவது, குறில் நெடிலை மாற்றி மாற்றிப் போடுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது ஆகியவற்றை நான் குறித்துக்கொள்வேன். குறைபாடு உறுதியானால், கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்று என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்கு விண்ணப்பம் பள்ளி வழியாகச் செல்ல வேண்டும். பத்தாம் வகுப்பின் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஓடிவருகிறவர்களே மிகுதி என்பதால், எட்டாம் வகுப்பிலேயே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

மருந்துச் சீட்டு

கவனக்குறைவும் மிகைத்துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்கு நீங்கள் அங்கே பழக்கமாக எழுதிய மெத்தில்ஃபெனிடேட் இங்கே கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சீட்டை இரண்டு படியாக எழுத வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும். அந்த மருந்தை வைக்கும் உரிமம் உள்ள கடை உங்கள் ஊரில் இல்லாமலே போகலாம். எனவே முதல் சீட்டை எழுதும் முன் நீங்களே கடைகளுக்கு நேரில் சென்று, யாரிடம் இருக்கிறது, தொடர்ந்து வரவழைப்பாரா என்று கேட்டு வையுங்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை முதல்நாளே குறித்துக்கொள்ளுங்கள். மதியப் பசி மந்தமாகி டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பிவந்தால் நம் வீடுகளில் மருந்தை அன்றே நிறுத்திவிடுவார்கள். அதனால் காலை இட்லியைச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, இரவுச் சாப்பாடு சற்றுக் கூடுதலாக என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயங்கி விழும் பெண்பிள்ளை

அங்கே ஆறாண்டுகளில் நான் இரண்டு மூன்று முறை மட்டுமே பார்த்ததை இங்கே வாரந்தோறும் பார்க்கிறேன். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பெண். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மூடியிருக்கிறது. மூளை மின்பதிவில் ஒன்றுமில்லை. கோடாங்கியிடம் குறி கேட்டாகிவிட்டது, பள்ளிவாசலில் ஓதியும் ஆகிவிட்டது. "இது வலிப்பு இல்லை, நடிக்கிறாள்" என்று யாரோ ஒரு மருத்துவர் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லால் அவளுடைய வாய் இன்னும் இறுகியிருக்கும். தாயத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள், பூசாரியைப் பழிக்காதீர்கள்; இழுப்பு உண்மைதான், மூளையில் நோயில்லாமலும் அது வரும் என்று முதலில் அனைவர் முன்னும் சொல்லிவிட்டு, பிறகு அவளோடு தனியாகப் பேசுங்கள். பெண்பிள்ளையோடு தனியாகப் பேச வீட்டார் எளிதில் விடமாட்டார்கள். கதவைத் திறந்துவைத்து, தாய் பார்க்கும் தூரத்தில், பேச்சு கேட்காத தூரத்தில் அமருங்கள்.

பேசத் தொடங்கும் முன், எதை நீங்கள் இரகசியமாக வைக்க முடியாது என்பதையும் அவளிடம் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. சொல்லிவிட்ட பிறகு "யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று அவள் அழும்போது, முன்னரே சொல்லாத மருத்துவர் அவளை இரண்டாம் முறை ஏமாற்றியவராகிறார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும், மனநல உதவி எண் 14416ஐயும் சுவரில் ஒட்டிவைத்தால் போதாது. ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சேர்க்கை தேவைப்படும்போது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு தகுதியுள்ள வல்லுநரும், தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. காப்பாளர் உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் செல்ல வேண்டும். மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்குக் காப்பாளரின் ஒப்புதல் மட்டும் போதாது, வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அறிவுசார் குறைபாடு மட்டும் இருப்பதை இச்சட்டம் மனநோயாகக் கருதுவதில்லை. "வீட்டில் சமாளிக்க முடியவில்லை, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றோர் கெஞ்சும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பதினெட்டை நெருங்கும் கோப்பு

திரும்பிவந்து பத்தாண்டு ஆனபின்தான் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படும்; எனினும் முதல் நாளே தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது. எட்டு வயதில் உங்களிடம் வந்த பையன் மீசை அரும்பி நிற்பான். அவனுக்கு 18 நிறைந்த அன்றே பெற்றோர் சட்டப்படி அவனுடைய காப்பாளர்களாக இருப்பது முடிந்துவிடுகிறது; வங்கிக் கணக்கிலும் சொத்திலும் கையெழுத்துச் சிக்கல் அன்றுதான் தொடங்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

நான் பையனுக்குப் பதினாறு வயது ஆனதும் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவேன். அடுத்த முறை வரும்போது தாய் தந்தையோடு அண்ணனையோ தங்கையையோ அழைத்துவரச் சொல்வேன். பெற்றோருக்குப் பிறகு யார் என்ற கேள்வியை அவர்கள் முன்னால் எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமர்வுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதற்கடுத்த நேரத்தில் வேறு குழந்தையை வரச்சொல்லாமல் விட்டுவைக்கிறேன்.